கூப்பிட ஒரு வார்த்தை

பதினான்காம் நம்பரை உள்ளே கூப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஆவுடையம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியின் எதிர்ச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, முள் இருக்கிறது, அது காட்டுவதும் புரிகிறது. ஆனால் புரிந்ததை மனசுக்குள்ளேகூட 'பத்தே கால்' என்று சொல்லிப் பார்க்க முடியாமல் போய் மூன்று மாதம் ஆகிறது. அவளுடைய நம்பர் பத்தொன்பது. அதுவும் அப்படித்தான். ஒன்று, இரண்டு என்று அடியிலிருந்து ஏறி வந்தால் பத்தொன்பதைத் தொட்டுவிடுவாள், நிற்காமல் இருபத்தைந்து வரைக்கும் போய்விடுவாள். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி, நாற்பது வருஷம் அதற்குமேல் எண்ணுகிற வேலை அவளுக்கு இருந்ததில்லை. தனியாகப் பத்தொன்பதை மட்டும் எடு என்றால் வராது. தானாக ஓடுகிற பேச்சு வேறு, நாமாக எடுக்கிற பேச்சு வேறு, இரண்டுக்கும் மூளையில் தனித்தனி வழி என்று, கதவுக்கு உள்ளே இருக்கிற பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் ஹேமலதா போன தடவை சொன்னாள். அந்தச் சின்னப் பெண்தான் இன்றைக்கு ஒரு முடிவு சொல்லப்போகிறாள். ஆவுடையம்மாள் கடையநல்லூரில் தன் வீட்டில் தனியாக இருக்கலாமா, இல்லை மகளோடு ஓசூருக்குப் போய் மூன்றாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டுமா என்பது அவளுடைய பேனாவில் இருக்கிறது. பக்கத்தில் நம்பர் சீட்டால் விசிறிக்கொண்டிருக்கிற செண்பகம் ஒன்றும் கொடுமைக்கார மகள் இல்லை. மூன்று மாதமாக லீவு போட்டுக் கூடவே கிடக்கிறாள், லீவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. "நான் என்ன ஒன்னைக் கூட்டிட்டுப் போயி ஜெயில்லயா போடப்போறேன்? மறுபடியும் விழுந்து கெடந்தீன்னா யாரைக் கூப்பிடுவ? என்ன சொல்லிக் கூப்பிடுவ?" என்று காலையில் பஸ்ஸில் கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஆவுடையம்மாளிடம் இருந்தது, நெஞ்சு நிறைய இருந்தது. வாயைத் திறந்தால் "அது... அது..." என்றுதான் வந்தது. செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விழுந்து கிடந்ததைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறாள், ஆனால் இந்த நாற்காலி வரிசையில் உட்கார்ந்து வேறு எதைத்தான் நினைப்பது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் தொங்கியது. அதைத் திட்ட வாயைத் திறந்தால் வாயும் கையோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது. அப்புறம் தரை. குழாய் திறந்தபடி. பின்தெருப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது, பிள்ளைகள் ஓடி அடங்கின, ரொம்ப நேரம் கழித்து இடைவேளை மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மைதீன்பாத்து ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள். "சவத்து மூதி, ஒனக்கு முருங்கதான் கெடச்சுதா!" முப்பத்தெட்டு வருஷமாகப் பக்கத்து வீடு, ஒரே அறையில் உட்கார்ந்து பீடி சுற்றியவள், ஒரு குரல் கொடுத்தால் எட்டுகிற தூரம். அந்தக் குரல்தான் இல்லை. மனசு தொண்டை கிழியக் கத்துகிறது, காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அப்படி ஒரு தனிமையை அதற்கு முன்னால் அவள் அறிந்ததில்லை, கட்டினவர் செத்துப்போன வீட்டில் ஆறு வருஷம் ஒற்றையாக இருந்தபோதுகூட. மத்தியானம் மைதீன்பாத்து வந்தது ஆளைத் தேடி அல்ல, சாக்கடையில் இவ்வளவு நேரம் நல்ல தண்ணி போகிறதே என்று சண்டை போடுவதற்கு. ஆஸ்பத்திரியில் தலைக்குள் எடுத்த படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் காட்டினார். இடது பக்கம், நெற்றிப் பொட்டுக்குச் சற்றுப் பின்னால் ஓர் இடம், புரோக்கா என்று பேர், வார்த்தையைக் கட்டி வாய்க்கு அனுப்புகிற இடம் அதுதான், ரத்தம் நின்றுபோனதும் அங்கேதான் என்றார். காதுக்கு மேலே பின்னால் இன்னொன்று, வெர்னிக்கி, கேட்பதைப் புரிந்துகொள்கிற இடம், அது அம்மாவுக்கு நன்றாக இருக்கிறது என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நரம்புக் கத்தை வளைந்து போகிறதாம். இதைச் செண்பகத்திடம் சொன்னார், ஆவுடையம்மாள் மரக்கட்டை மாதிரி. புரிகிற இடம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாயோடு, புரியாதவளை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் பேசினாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மட்டும் ஒழுங்காக வருகிறது. அதுவும் வாயின் ஒரு பக்கத்தில்.

புரோக்கா, வெர்னிக்கி. வெள்ளைக்காரப் பேர்கள். முன்பின் தெரியாத இரண்டு ஆம்பிளைகள் பேரை அவள் தலைக்குள்ளே இடத்துக்கு வைத்திருக்கிறார்கள், கட்டினவர் பேர் எங்கே இருக்கிறதென்று யாரும் படம் எடுத்துச் சொல்லவில்லை. அவர் பேர் குற்றாலிங்கம். கதை சொல்கிறவனுக்கு என்ன தடை, சொல்லியாயிற்று. அவளுக்குத்தான் அது வாயில் ஏறாத பேர். பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா சொன்னாள், அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. கூப்பிட வேண்டுமா, ஏங்க. பிறத்தியாரிடம் பேச வேண்டுமா, அவுக. பிள்ளை பிறந்ததும், செண்பகத்தோட அப்பா. அந்தப் பேரோடு ஒட்டின ஊர் பேருக்கும் அதே கதிதான். சாரல் காலத்தில் சொந்தக்காரர்கள் குளிக்கக் கிளம்பினால் "அருவிக்குப் போறாவ" என்பாள். பீடி சுற்றுகிற இடத்தில் அதை வைத்தே அவளை ஆட்டிப் படைத்தார்கள். "ஏட்டி ஆவுடை, அருவின்னா எந்த அருவி?" "தென்காசிக்குப் பக்கத்துல இருக்கிற அருவி." "அந்த ஊருக்குப் பேரு கெடையாதா?" "பேரு இருக்கு, எனக்குத்தான் வாயி இல்ல." புகையிலைத் தூள் பறக்கச் சிரிப்பார்கள், மைதீன்பாத்து சிரித்துச் சிரித்துத் தும்முவாள். பேச்சு ஓடினால் கை ஓடும், இலையை மடக்கி நூலைச் சுற்றி முடிவதற்குள் அடுத்த இலை விரலில் இருக்கும். யாராவது துக்கச் செய்தி சொல்லி வாய் அடைத்துப்போனால் எல்லாத் தட்டிலும் கை நின்றுபோகும். கையை ஆட்டுகிற இடமும் வாயை ஆட்டுகிற இடமும் மூளையில் பக்கத்துப் பக்கத்தில்தான் என்று டாக்டர் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னார். பீடி சுற்றினவளைக் கேட்டிருந்தால் படம் எடுக்காமலே சொல்லியிருப்பாள். ரேஷன் கார்டுக்குப் பேர் கேட்ட ஆபீசில் ஐந்து விரலையும் மேலிருந்து கீழே அசைத்துக் காட்டி, "அந்தச் சாமி பேரு" என்றாள். எழுதுகிறவர் நிமிர்ந்துகூடக் கேட்காமல் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் அது போதும். இங்கே ஹேமலதா மூன்று தடவை "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். மூன்று தடவையும் ஆவுடையம்மாள் இடது கையைத் தூக்கி விரல்களை அசைத்துக் கீழே கொண்டுவந்தாள். மூன்று தடவையும் ஹேமலதா "தண்ணி வேணுமா?" என்று பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுத் தாளில் ஏதோ போட்டுக்கொண்டாள். கொடுத்ததை இவளும் குடித்துத் தொலைத்தாள், வேறென்ன செய்வது. வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை, அதைச் சொல்லி என்ன.

பதினாறு உள்ளே போகிறது. ஒரு கிழவர், கையைப் பிடித்துக்கொண்டு போகிற மனைவி "வாங்க, வாங்க" என்கிறாள். வாங்க. ஏங்க. நினைப்பு அந்த இடத்துக்கு வந்தால் சேலை முள்ளில் மாட்டினமாதிரி நின்றுவிடும், அவள் வேண்டாம் என்றுதான் சுற்றிச் சுற்றிப் போனாள், வந்தேவிட்டது. அவர் பென்ஷன் காரியமாகத் திருநெல்வேலிக்குக் கிளம்பின நாள். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, அலமாரியிலேயே இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள், செருப்பில்லாமல். பஸ் நகரவில்லை. அவர் உள்ளே, அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரம், பிடரி மட்டும் தெரிகிறது, காலையில் அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட பிடரி. ஏங்க. ஏங்க. மூன்று ஆம்பிளைகள் திரும்பினார்கள். வாழைப்பழம் விற்கிறவர் திரும்பினார். அவர் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஏங்க என்றால் யார் வேண்டுமானாலும் திரும்பலாம், அவர் தன்னை இல்லை என்று இருந்திருப்பார், பொம்பளை ஓடி வருவாள் என்று எதற்கு நினைக்கப்போகிறார். பேரைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை அவருக்கு. பெரிய வாத்தியார் நாளெல்லாம் அந்தப் பேரைத்தான் கத்துவார், வீடு வரைக்கும் கேட்கும், கத்தின மாத்திரத்தில் இவர் எழுந்து நிற்பார். அந்தப் பேர் உதட்டு வரைக்கும் வந்ததா அன்றைக்கு? வந்தது என்று சில நாள் தோன்றும். வரவே இல்லை, வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அதுதான் நிஜம் என்று சில நாள். பஸ் போய்விட்டது. ஆலங்குளம் தாண்டி அவர் சாய்ந்துவிட்டார். அந்த மாத்திரை இருந்தாலும் ஒன்றும் பண்ணியிருக்காது என்று டாக்டரே செண்பகத்திடம் சொன்னார், செண்பகம் அவளிடம் சொன்னாள். ஆனால் அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள், கூப்பிட்டாள், எதைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்பது மகளுக்குத் தெரியாது. மைதீன்பாத்துக்கும் தெரியாது. சொல்ல ஆறு வருஷம் வாய் இருந்தது, சொல்லவில்லை. இப்போது சொல்லியே தீர வேண்டும் போலிருக்கிறது, வாய் போய்விட்டது. ஆயுசைக் காப்பாற்றப் பேரைப் பூட்டி வைத்தாள், ஆயுசு போயிற்று, பூட்டு மட்டும் எதற்கு? அவள் யோசித்துப் பார்க்கிறாள். முன்னால் இருக்கிற அந்தப் புரோக்கா இடத்தில் அவள் வாழ்நாளில் பேசின வார்த்தையெல்லாம் இருந்தது, அரிசி, உப்பு, சனியனே, செண்பகம், எல்லாம் வெள்ளம் புகுந்த வீட்டுச் சாமான் மாதிரி கெட்டுப்போயிற்று. அவர் பேர் அங்கே இருந்ததே இல்லை. கேட்டது மட்டும்தான், ஆயிரம் தடவை, பதினாயிரம் தடவை, பெரிய வாத்தியார் குரலில், அர்ச்சனை செய்கிற ஐயர் குரலில். அது பின்பக்கத்து இடத்தில் அப்படியே இருக்கும். இருந்தென்ன, அங்கேயிருந்து இங்கே கொண்டுவருகிற வழியில் அது நடந்ததே இல்லையே.

"பத்தொன்பது." இந்தத் தடவை செண்பகமும் கூடவே உள்ளே வரலாம் என்றாள் ஹேமலதா, முடிவு சொல்கிற நாள் என்பதால். சிரித்த முகம். "உங்க பேரு சொல்லுங்கம்மா." ஆ, ஆ. "நான் எடுத்துக் கொடுக்கறேன். ஆவு..." "...டை" என்று வால் மட்டும் வந்தது. குடைப் படம். தெரியும், நன்றாகத் தெரியும், போன மழைக்கு ஒரு கம்பி ஒடிந்த குடையே வீட்டில் இருக்கிறது. "அது." சாவி. "அது." ஊர். கா, கா என்று காக்காய் மாதிரி இரண்டு தடவை, அதோடு சரி. தாளில் பேனா கீறுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் கடையநல்லூர் வீடு ஓர் அடி தள்ளிப் போகிறது. "உங்க வீட்டுக்காரர் பேரு?" இடது கை எழுந்தது, விரல்கள் அசைந்து இறங்கின. ஹேமலதா பாட்டிலை எடுத்தாள். செண்பகம் "ஐயோ மேடம்" என்று சிரித்துவிட்டாள். "தண்ணி இல்ல மேடம், அது அருவி. குற்றாலம். எங்கப்பா பேரு குற்றாலிங்கம். எங்கம்மா அவரு பேரைச் சொன்னதே கெடையாது. யாரு கேட்டாலும் இப்படித்தான் காட்டுவா." ஹேமலதா பழைய தாள்களைப் புரட்டினாள். "மூணு தடவையும் தப்புன்னு போட்டு வச்சிருக்கேன். மூணு தடவையும் சரியா சொல்லியிருக்காங்க" என்றாள், தன்னிடமே கோபித்துக்கொள்கிற குரலில். "வார்த்தை வரலேன்னா சுத்தி வளைச்சாவது சொல்லுங்கன்னு கத்துக் கொடுக்கத்தான் நாங்க மாசக்கணக்கா பாடுபடறோம். இவங்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே அதைச் செஞ்சுட்டிருக்காங்க." ஆவுடையம்மாளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பெண் நேர்மையான பெண், அங்கேயே நிறுத்தவில்லை, செண்பகத்தின் பக்கம் திரும்பினாள். "அக்கா, கை ஜாடை ஆள் எதிர்ல இருந்தாத்தான். விழுந்துட்டா, சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கணும்னா, போன்ல சொல்லணும்னா வாய்தான் வேணும். நிறைய வேணாம். ஒரே ஒரு வார்த்தை போதும், எந்த வார்த்தையா இருந்தாலும் சரி, நினைச்சப்போ வரணும். அது இல்லாம தனியா விடுங்கன்னு என்னால எழுத முடியாது."

ஒரு வார்த்தை. வா என்று சொல்லுங்கம்மா. உதட்டைக் குவித்தாள், காற்று வந்தது. அக்கா என்று சொல்லுங்கம்மா. "அது." மைதீன் என்று சொல்லிப் பாருங்கம்மா, பக்கத்து வீடுதானே. ம், ம், ம் என்று உதடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. வியர்த்துக் கொட்டியது. செண்பகம் முதுகைத் தடவி "போதும்மா, விடும்மா" என்றாள், அந்த 'விடு'வில் ஓசூர் இருந்தது, மூன்றாம் மாடி இருந்தது, பகலெல்லாம் பூட்டின கதவு இருந்தது, ஆவுடையம்மாளுக்கு அழுகை முட்டியது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். விட்டுவிட்டுப் போனவர்மேல்தான், வேறு யார்மேல். இங்கே வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லாமல் எங்கே போனீக என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பி மேலே வந்தது. அது வார்த்தையாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. நாக்கு மேலே ஒட்டிப் பிரிந்தது, உதடு மூடித் திறந்தது, முன்பின் பழக்கமில்லாத அசைவு, ஆனாலும் தடுக்கவில்லை. "குற்றாலிங்கம்." அறை முழுக்கக் கேட்டது. பெரிய வாத்தியார் கத்துகிற மாதிரியே, இழுத்து, கடைசியில் அழுத்தி. செண்பகத்தின் கை முதுகில் நின்றுபோனது. ஹேமலதா மெதுவாகச் சாவியை எடுத்துக் காட்டினாள். "இது?" "குற்றாலிங்கம்." "உங்க ஊரு?" அது இல்லை, அது தப்பு என்று தெரிகிறது, தலையைக்கூட ஆட்டிவிட்டாள், ஆனால் வருவது அதுதான். "குற்றாலிங்கம்." பொத்துக்கொண்டு வருகிறது, வெட்கமாக இருக்கிறது, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள், துணிக்குள்ளேயும் ஒரு தடவை வந்தது. "பயப்படாதீங்கம்மா" என்றாள் ஹேமலதா. "சில பேருக்கு ஒரு வார்த்தை இப்படி மாட்டிக்கும், கேட்டதுக்கெல்லாம் அதுவே வரும். கொஞ்ச நாள்ல விடலாம். விடாமலும் இருக்கலாம்." செண்பகம் அழுதுகொண்டிருந்தாள். அம்மா வாயில் அப்பா பேரைக் கேட்டதற்கா, இனி அம்மாவுக்கு அது ஒன்றுதான் என்பதற்கா, அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மேடம், ஒரு வார்த்தை போதும்னீங்களே. எந்த வார்த்தையா இருந்தாலும் சரின்னீங்களே" என்றாள். ஹேமலதா பேனாவை எடுத்து, ஒரு மாசம் தனியாக இருந்து பார்க்கலாம் என்று எழுதினாள்.

செண்பகம் வெளியே நாற்காலி வரிசைக்கு வந்து மைதீன்பாத்துக்குப் போனைப் போட்டாள், ஸ்பீக்கரில். "பெரியம்மா, நான் செண்பகம்." "என்னட்டி, டாக்டரு என்ன சொன்னாவ?" பின்னால் ஆடு கத்துகிறது, மைதீன்பாத்து அதை ஓர் அதட்டு அதட்டினாள். "அம்மாவை அங்கேயே விட்டுட்டுப் போலாம்னு பாக்கேன். ஒரு மாசம் பாப்போம். அவ சத்தம் கொடுத்தா நீங்க ஓடி வரணும்." "சத்தம் எங்கட்டி வருது அவளுக்கு? அன்னைக்கி வந்துருந்தா நான் இப்படிப் பாவியா ஒக்காந்துருப்பனா?" "இப்ப ஒரு வார்த்தை வருது பெரியம்மா. அப்பா பேரு. அது மட்டுந்தான் வருது. அதக் கேட்டா என்னமோ ஏதோன்னு வந்துருங்க." "அவளா?" என்றாள் மைதீன்பாத்து. "போட்டி, பொய் சொல்லாத. முப்பத்தெட்டு வருஷம் நாங்க என்ன பாடுபட்டிருக்கோம் அதச் சொல்ல வைக்க." செண்பகம் போனை அம்மாவின் வாயருகே நீட்டினாள். "கூப்பிடும்மா." காத்திருக்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை அது தானாகப் பொத்துக்கொண்டு வரவில்லை, அவள் எடுத்தாள், உதட்டைத் தயார்பண்ணி, மூச்சுப் பிடித்து, எட்ட வேண்டிய தூரத்துக்கு எட்டுகிற மாதிரிக் கூப்பிட்டாள். "குற்றாலிங்கம்." "வாரேன்" என்றது போனில் குரல், உடைந்து, "வாரேன், வாரேன், இந்தா வந்துட்டேன்." அந்தப் பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டதற்கு வந்த முதல் பதில். அது மைதீன்பாத்துவின் குரலாக இருந்தது.